கல்யாண மேடைக்கு எந்த ஜூம்? புதிய லென்ஸ்களின் விலையும் வேலையும்: வேலூரிலிருந்து ஒரு கணக்கு

சோனி ஏ7 மார்க் 3 அல்லது மார்க் 4 கேமரா பாடி கையில் இருக்கிறது. அதனுடன் வந்த கிட் லென்ஸ் இனித் தாங்காது. தை பிறப்பதற்குள் எஃப் 2.8 ஜூம் ஒன்று வாங்கியாக வேண்டும் (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரிது, உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்). வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் ஸ்டுடியோ நடத்தும் நண்பர்கள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் முகூர்த்த நாளில் எங்களுக்குப் பழைய வட ஆற்காடு முழுவதும் ஒரே தொழிற்களம்தான். காலையில் வாலாஜாவில் தாலி கட்டுவதை எடுத்துவிட்டு மாலையில் ஆம்பூரில் ரிசப்ஷனுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

தேர்வு ஏன் கடினமாகிவிட்டது என்றால், 2024 என்ற ஒரே ஆண்டில் சோனியும் சிக்மாவும் மட்டுமே இந்த மவுண்டுக்கு (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்க்கு) அடுத்தடுத்து நடுத்தர ஜூம்களை அறிவித்தன. அவற்றில் நான்கை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் சோனி 24-50 எஃப் 2.8 ஜி (24-50 என்பது மில்லிமீட்டரில் குவிய நீளம்; எண் சிறியதானால் சட்டத்துக்குள் வரும் அகலம் கூடும்), மே மாதம் சிக்மா 24-70 எஃப் 2.8 ஆர்ட் இரண்டாம் பதிப்பு, ஜூனில் சிக்மா 28-45 எஃப் 1.8, நவம்பரில் சோனி 28-70 எஃப் 2 ஜி மாஸ்டர் (ஜி மாஸ்டர் என்பது சோனியின் உச்ச ரக வரிசை). இவற்றுக்கு முன்பே 2021-ல் வந்த டாம்ரான் 28-75 ஜி2-வும் 2022-ல் வந்த சோனி 24-70 ஜி மாஸ்டர் இரண்டாம் பதிப்பும் கடைகளில் இன்னும் உறுதியாக நிற்கின்றன. ஆறையும் வாங்க யாராலும் முடியாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

விலையை எந்த அளவுகோலில் ஒப்பிடுவது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். ரூபாய் விலை டாலர் மதிப்போடும் பண்டிகைச் சலுகையோடும் மாறிக்கொண்டே இருக்கும். அறிவிப்பு நாளில் அமெரிக்காவுக்குச் சொன்ன டாலர் விலை மாறாதது. ஒரு லென்ஸ் இன்னொன்றைப் போல எத்தனை மடங்கு என்பதை அது தெளிவாகக் காட்டிவிடும். ஆகவே இங்கே நான் தரும் விலைகள் எல்லாம் அந்த அறிவிப்பு விலைகள், நூறுக்கோ ஐம்பதுக்கோ பத்துக்கோ நெருக்கமாக முழுமையாக்கியவை. அதை அன்றைய மாற்று மதிப்பால் பெருக்கிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அந்த விலையில் அமெரிக்க விற்பனை வரியே சேரவில்லை. இங்கே சுங்கமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கடைக்காரர் லாபமும் அதன் மேல் ஏறும்.

இனி வரிசை. டாம்ரான் ஜி2 900 டாலர். சோனி 24-50 1,100. சிக்மா 24-70 இரண்டாம் பதிப்பு 1,200. சிக்மா 28-45 1,350. சோனி ஜி மாஸ்டர் 24-70 இரண்டாம் பதிப்பு 2,300. சோனி 28-70 எஃப் 2-க்கு 2,900. டாம்ரானுக்கும் 24-70 ஜி மாஸ்டருக்கும் இடையே இரண்டரை மடங்கு வித்தியாசம். அந்த இரண்டரை மடங்கு கல்யாண ஆல்பத்தில் எங்கே தெரிகிறது என்பதுதான் என் கேள்வி.

மேடையின் ஆழம்

லென்ஸ் விமர்சனங்களில் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று எங்கள் ஊர் மண்டபங்களில் முதலில் வந்து முட்டுகிறது: பின்னால் நகர இடமில்லை. மணவறை, அதன் முன்னால் ஹோமகுண்டம், ஐயர், இரு பக்கமும் பெற்றோர், பெண்ணின் சகோதரன், தாம்பாளம் ஏந்திய அத்தைமார்கள். அவர்களுக்கு முன்னால் வீடியோக்காரர் டிரைபாட் போட்டுவிட்டார் என்றால் நமக்கு மிஞ்சுவது மேடை விளிம்பில் இரண்டு அடி. அதற்குப் பின்னால் கால் வைத்தால் முன்வரிசை நாற்காலியில் இருக்கும் பெரியவர் மடியில்தான் போய் உட்கார வேண்டும்.

இங்கேதான் 24-க்கும் 28-க்கும் உள்ள வித்தியாசம் காசாகிறது. ஃபுல் ஃபிரேம் (36 எம்.எம். அகல சென்சார் உள்ள) பாடியில் மூன்று மீட்டர் தூரத்தில் நின்று படுக்கை வாட்டில் எடுத்தால், 24-ல் நான்கரை மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். 28-ல் 3.86 மீட்டர்தான் வரும். வித்தியாசம் 64 சென்டிமீட்டர், அதாவது தோளோடு தோள் நிற்கும் வரிசையில் ஒரு ஆள். நான்கு மீட்டர் தூரத்தில் அது 86 சென்டிமீட்டர் ஆகிவிடும். ரிசப்ஷனில் மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா குடும்பம் மொத்தமும் மேடையேறும்போது ஓரத்தில் நிற்பவரை "மாமா, இன்னும் கொஞ்சம் உள்ளே வாருங்கள்" என்று கெஞ்சுகிறோமே, அந்தக் கெஞ்சல் பாதியும் இந்த நான்கு மில்லிமீட்டருக்காகத்தான். 28-ல் அதே நான்கரை மீட்டரைப் பிடிக்க அரை மீட்டர் பின்னால் போக வேண்டும். மேடை முடிந்துவிட்ட இடத்தில் அந்த அரை மீட்டர் எங்கிருந்து வரும்?

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரையும் செதுக்கிய தூண்களைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். இரண்டு தூண்களுக்கு நடுவே மணமக்களை நிறுத்தினால், அடுத்த தூண் முதுகில் இடிக்கும்வரைதான் பின்வாங்க முடியும். தூணின் உச்சியும் வர வேண்டும், பட்டுப்புடவைக் கரையும் வர வேண்டும் என்றால் 28 இறுக்கமாக இருக்கும். கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பதால் டிரைபாட், விளக்கு என்று இறங்கினால் முன் அனுமதி வேண்டும். கையில் பிடித்த கேமராவும் இருக்கும் வெளிச்சமும்தான் அங்கே நமக்கு. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குக் கேமராவே கொண்டுபோக முடியாது என்பதால் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆகவே ஒரே லென்ஸ், ஒரே பாடி என்று வேலை செய்பவருக்கு 24-ல் தொடங்கும் ஜூம்தான் என்பது என் தீர்மானமான கருத்து. டாம்ரானின் மேல்முனையில் கிடைக்கும் 75 அதற்கு ஈடாகாது. 70-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு அடி முன்னால் வைத்துச் சரிசெய்துவிடலாம். முன்னால் போக எப்போதும் வழியுண்டு.

டாம்ரானை இதோடு ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வில்ட்ராக்ஸ் நிறுவனத்தின் 20 எம்.எம். எஃப் 2.8 பிரைம் (ஜூம் இல்லாத ஒரே நீள லென்ஸ்) 160 டாலர். எடையும் ஏறக்குறைய அத்தனை கிராம்தான். டாம்ரானும் அதுவும் சேர்ந்து 1,060 டாலர், சிக்மாவைவிடக் குறைவு. குரூப் படங்கள் எல்லாம் ரிசப்ஷனில் ஒரே மூச்சில் வருபவை என்பதால், அந்த நேரத்துக்கு மட்டும் பிரைமை மாட்டிக்கொள்ளலாம். அகலமான லென்ஸில் ஓரத்தில் நிற்பவர் இரண்டு கிலோ கூடித் தெரிவார் என்பதை மட்டும் நினைவில் வைத்து, பருமனானவர்களை நடுவில் நிறுத்த வேண்டும். தொழில் தொடங்கும் தம்பிகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான். முகூர்த்த நேரத்தில் லென்ஸ் மாற்றுவது மட்டும் ஆகாது. ஹோமப் புகையும் அட்சதையும் பறக்கும் இடத்தில் சென்சாரைத் திறந்து காட்டக் கூடாது.

சிக்மாவா, ஜி மாஸ்டரா

உண்மையான சண்டை இந்த இரண்டுக்கும்தான். 1,200 எதிர் 2,300.

எடையில் தொடங்குவோம். முதல் பதிப்பு ஜி மாஸ்டர் 886 கிராம் இருந்தது, சிக்மாவின் முதல் பதிப்பு 830 கிராம் பக்கம். அப்போது இரண்டுமே மணிக்கட்டைக் கேட்டுப் பார்க்கும் லென்ஸ்கள். இரண்டாம் பதிப்பில் சோனி 695 கிராமுக்கு இறங்கியது. சிக்மா 740 கிராம் பக்கம் வந்து நின்றது. ஏறத்தாழ 45 கிராம் வித்தியாசம்; பாடியும் மேலே அரைக்கிலோ பிளாஷும் சேர்ந்த மொத்தத்தில் அது கைக்குத் தெரியாது. டாம்ரான் 540 கிராம் என்பதுதான் கைக்குத் தெரியும் வித்தியாசம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு முகூர்த்த வேலை என்று தொடர்ந்து நிற்கும்போது இருநூறு கிராம் பெரிய சங்கதி.

கட்டுமானத்தில் இரண்டும் ஒரே இனம். இரண்டுக்கும் 82 எம்.எம். ஃபில்டர், 11 இதழ் அபர்ச்சர், பாரலிலேயே அபர்ச்சர் வளையம், தூசியும் ஈரமும் எளிதில் புகாத அமைப்பு. சிக்மா முந்தைய பதிப்பிலிருந்த ஸ்டெப்பிங் மோட்டாரைக் கைவிட்டு ஹெச்.எல்.ஏ. என்ற நேர்கோட்டு மோட்டாரைப் போட்டதால் ஃபோகஸ் வேகம் நன்றாகக் கூடியிருக்கிறது. சோனியில் நான்கு மோட்டார்கள். வேகப் போட்டியில் சோனி முன்னால் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் கெட்டிமேளம் கொட்டி, நாலு பக்கமும் அட்சதை மழையாக விழும்போது, இரண்டு லென்ஸுக்குமே மணமகளின் முகத்தைத் தேடிப் பிடித்துத் தருவது பாடியின் மூளைதான். மார்க் 3, மார்க் 4 இரண்டும் நொடிக்கு அதிகபட்சம் 10 படம் எடுப்பவை. பிற நிறுவன லென்ஸ்களுக்குச் சோனி வைத்திருக்கும் உச்ச வரம்பு நொடிக்கு 15. அதனால் அந்தக் கட்டுப்பாடு நம் வாசலுக்கே வராது. நொடிக்கு 120 படம் எடுக்கும் ஏ9 மார்க் 3 வைத்திருப்பவர் வேண்டுமானால் கவலைப்படட்டும். தாலி கட்டுவதை நொடிக்கு 120 படம் எடுத்தால் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அடுத்த முகூர்த்தம் வந்துவிடும்.

சோனிக்கு ஒரு இடத்தில் மட்டும் முழு மதிப்பெண் கொடுப்பேன். அது நெருங்கி எடுக்கும் படங்கள். மோதிரம், தாலிக்கொடி, மருதாணிக் கை. ஜி மாஸ்டர் 70-ல் 30 சென்டிமீட்டர் வரை நெருங்கி, பொருளை அதன் நிஜ அளவில் 0.32 மடங்காகச் சென்சாரில் தருகிறது. சிக்மா 24-ல் 17 சென்டிமீட்டர் நெருங்கி 0.37 மடங்கு தருவதாகச் சொல்கிறது. எண்ணில் பார்த்தால் சிக்மா வென்றதுபோல இருக்கும். நடைமுறையில் அந்த 17 சென்டிமீட்டர் சென்சாரிலிருந்து அளப்பது. லென்ஸின் முன்கண்ணாடி தாலியை முட்டும் அளவுக்குப் போய்விடும். நம் லென்ஸின் நிழலே பொருள் மேல் விழும். அகலக் கோணத்தில் மோதிரம் முட்டையாகத் தெரியும். டாம்ரானுக்கும் இதே கதைதான், 28-ல் 18 சென்டிமீட்டர். நகைப் படத்துக்கு 70 பக்கம் நெருங்கும் லென்ஸ்தான் உதவும். ஆனாலும் அந்தப் பத்து இருபது படங்களுக்காக 1,100 டாலர் கூடக் கொடுப்பதா என்று கேட்டால், என் கை பையிலிருந்து வெளியே வராது.

வீடியோ எடுப்பவர்கள் கணக்கு வேறு. மார்க் 4 பாடியில் ஃபோகஸ் மாறும்போது சட்டம் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்குவதைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. அது சோனியின் குறிப்பிட்ட லென்ஸ்களோடு மட்டுமே வேலை செய்யும். சிக்மாவும் டாம்ரானும் மாட்டினால் அந்த மெனு பயன்படாது. பெண் அழைப்பில் முன்னால் வரும் சீர்த்தட்டிலிருந்து பின்னால் வரும் பெண் முகத்துக்கு ஃபோகஸ் நகர்த்தும் காட்சிகள் உங்கள் வீடியோவின் அடையாளம் என்றால், ஜி மாஸ்டருக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. ஸ்டில்ஸ் மட்டும் எடுக்கும் ஆளுக்கு அது இல்லை.

ஆல்பம் சொல்லும் உண்மை

ஓரக் கூர்மை, மூலைக் கூர்மை என்று கணினித் திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துச் சண்டையிடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் பார்ப்பது கரிஷ்மா எனும் அச்சிட்ட புத்தக ஆல்பம். 12-க்கு 36 அங்குல விரிப்பு. ஒரு படம் அதில் பாதியை, 12-க்கு 18-ஐ, முழுவதும் நிரப்பினாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600-க்கு 5400, அதாவது சுமார் 19 மெகாபிக்சல் போதும். மார்க் 3 தருவது 24. மார்க் 4 தருவது 33. ஒரு விரிப்பில் ஆறு ஏழு படங்களை நெருக்கிப் போடும் பக்கங்களில் ஒவ்வொன்றுக்கும் வேண்டியது அந்த 19-ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இப்போது மூலையைப் பாருங்கள். மேடைப் படத்தின் மூலையில் என்ன இருக்கிறது? எல்.இ.டி. பார் விளக்கு, பூச்சரம், யாரோ ஒருவரின் முழங்கை. குரூப் படத்தில் மட்டும்தான் ஓரத்தில் முகம் இருக்கும். அதையும் நாம் எஃப் 5.6-ல் பிளாஷ் போட்டு எடுக்கிறோம். அந்த அபர்ச்சரில் டாம்ரானையும் ஜி மாஸ்டரையும் லேமினேஷன் போட்ட தாளில் பிரித்துச் சொல்லும் கண் எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் 2,300 கொடுங்கள்.

இந்தக் கணக்கு இன்னொரு லென்ஸைக் கவனிக்க வைக்கிறது. சோனி 24-50 ஜி. வெறும் 440 கிராம், 67 எம்.எம். ஃபில்டர், 11 இதழ், அபர்ச்சர் வளையம், சோனியின் சொந்த லென்ஸ் என்பதால் மேலே சொன்ன வீடியோ வசதிகளுக்கும் தடையில்லை. 50-ல் நின்றுவிடுகிறதே என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. மார்க் 4-ல் 50-ல் எடுத்த படத்தை 75-க்குச் சமமாக வெட்டினால் கையில் 14 மெகாபிக்சல் மிஞ்சும். ஆல்பத்தில் விரிப்பின் கால்பங்குக்கு, 12-க்கு 9 அங்குலத்துக்கு, 10 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே வேண்டும். எனவே மார்க் 4-காரருக்கு இது ஒரு குறையே இல்லை என்று சொல்லுமளவுக்குப் போகலாம். மார்க் 3-ல் வெட்டினால் 10-தான் மிஞ்சும். அங்கே கொஞ்சம் இழுபறி. பின்னணி மங்குவதும் 70-ல் வருவதுபோல வராது.

24-50-ஐ வாங்குபவர் அதோடு சோனி 85 எஃப் 1.8-ஐயும் சேர்த்து வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். 2017-ல் 600 டாலருக்கு வந்தது, 371 கிராம், அதற்கும் 67 எம்.எம். ஃபில்டர்தான். இரண்டும் சேர்ந்து 1,700 டாலர், 811 கிராம். ஜி மாஸ்டரைவிட 600 டாலர் குறைவு, கூடவே எஃப் 1.8 ஒன்று கைவசம். இரண்டு பாடி வைத்திருப்பவர் ஒன்றில் இதையும் மற்றதில் அதையும் மாட்டிக்கொண்டால் மண்டபத்தில் அவரைத் தடுக்க ஆளில்லை. கேண்டிட் (போஸ் இல்லாமல் இயல்பாக எடுப்பவை) என்று தனியாகக் கட்டணம் வாங்கும் படங்கள் எல்லாம் 85-லிருந்துதான் வரப்போகின்றன. ஒரே பாடி உள்ளவருக்கு இந்த யோசனை பயன்படாது; அவர் சிக்மாவுக்கே திரும்பட்டும்.

டாம்ரான் 35-150 எஃப் 2-2.8 பற்றியும் கேட்பார்கள். கேண்டிட் படத்துக்கு அருமையான லென்ஸ். 1,165 கிராம், 1,900 டாலர். மூன்று மீட்டரில் அதன் அகலம் மூன்று மீட்டர் சொச்சம்தான். இரண்டாவது பாடிக்கு வைத்துக்கொள்ளலாம். மேடைக்கு அது தனியாகப் போதாது.

பிளாஷ் போட முடியாத இடங்கள்

எஃப் 2.8-ஐத் தாண்டிய அந்த இரண்டு பெரிய லென்ஸ்களுக்கும் வேலை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. இந்து முகூர்த்தத்தில் பிளாஷை யாரும் தடுப்பதில்லை, போடாவிட்டால்தான் கேட்பார்கள். வேலூர்ப் பக்கத்துத் தேவாலயத் திருமணங்களில் நிலைமை வேறு. உடன்படிக்கை சொல்லும் நேரத்தில் பிளாஷ் வேண்டாம் என்று போதகர் முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். உயரமான கூரை, சன்னலிலிருந்து சாய்வாக வரும் வெளிச்சம். கோட்டைக்குள் இருக்கும் 1846-ஆம் ஆண்டு புனித யோவான் ஆலயம் போன்ற பழைய கட்டடங்களில் விளக்கும் மிதமாகவே இருக்கும். நிக்காஹ் நடக்கும் இடங்களிலும் அடக்கமாக எடுப்பதைத்தான் பெரியவர்கள் விரும்புகிறார்கள்.

அங்கே எஃப் 2.8-ல் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்; கூடினால் படத்தில் புள்ளி கூடும்) 6400 கேட்கும் காட்சி, எஃப் 1.8-ல் 2500 சுமாருக்கு இறங்கிவிடும். எஃப் 2-ல் 3200. தோல் நிறத்திலும் கறுப்பு கோட்டிலும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சிக்மா 28-45 இதற்காகவே பிறந்ததுபோல இருக்கிறது. ஜூம் செய்யும்போது நீளம் மாறாது என்பதால் கிம்பலில் (வீடியோவில் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவியில்) ஒருமுறை சமநிலை பார்த்துவிட்டால் போதும். 1,350 டாலருக்கு எஃப் 1.8 ஜூம் என்பது வியப்பான விலை. எடை 950 கிராம் பக்கம். ஆனால் 28-ல் தொடங்கி 45-ல் முடிகிறது. ஜூம் என்று சொல்வதற்கே அது கொஞ்சம் கூச்சப்பட வேண்டும். மூன்று பிரைம்களை மாற்றி மாற்றி மாட்டிச் சலித்தவர்களுக்கான லென்ஸ் அது.

சோனி 28-70 எஃப் 2-வை 918 கிராமுக்குள் அடக்கியது பொறியியல் சாதனைதான். 2,900 டாலர், 86 எம்.எம். ஃபில்டர். எங்கள் ஊர் கல்யாணப் பேக்கேஜ் கட்டணத்தில் இதற்கு வட்டி கட்டவே ஒரு சீசன் போகும். பெரிய நகரங்களுக்குப் போய்ப் பெரிய வேலைகள் எடுப்பவர் வாங்கட்டும். மற்றவர்கள் அந்தத் தேவாலயக் கல்யாணத்துக்கு மட்டும் ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே மேல்.

கேனான், நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு இத்தனை குழப்பம் இல்லை, ஏனென்றால் இத்தனை கதவும் இல்லை. சோனி தன் மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது; அதன் பலனைத்தான் மேலே பார்த்தோம். கேனான் ஆர்.எஃப். மவுண்டில் 2024-ல் வந்த 28-70 எஃப் 2.8 எஸ்.டி.எம்., 1,100 டாலர், 495 கிராம், லென்ஸுக்குள்ளேயே அதிர்வு தடுக்கும் வசதியோடு, நல்ல தேர்வு. 24 வேண்டும் என்றால் 2,300 டாலர் எல் (கேனானின் உயர் ரக) லென்ஸுக்கே தாவ வேண்டும். நிக்கானில் 2025-ல் அறிவித்த 24-70 எஃப் 2.8 எஸ் இரண்டாம் பதிப்பு, 675 கிராம், நீளம் மாறாத ஜூம், 2,800 டாலர். அழகான லென்ஸ். விலையும் அழகாகத்தான் இருக்கிறது.

காசு கைமாறும் முன்

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஸ்டுடியோ என்றால் நிறுவனப் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள். வரி உட்பட ஒரு லட்சம் ரூபாய் பில்லில் 15,254 ரூபாய் வரி. அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம்; காம்போசிஷன் (சிறு தொழிலுக்கான எளிய வரி) திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பதால் நம்மில் பலர் பதிவு செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்தப் 15 ஆயிரம் செலவுதான். பில் இல்லாமல் ஐந்து பத்தாயிரம் குறைத்துத் தருவதாகச் சொல்லும் சரக்குக்கு இந்திய வாரண்டி இருக்காது. ஃபோகஸ் மோட்டார் ஒன்று போனால் அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

ஃபில்டர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்சதையும் நெய்ப்புகையும் நேராக முன்கண்ணாடியில் வந்து ஒட்டும் தொழில் நமது; யு.வி. ஃபில்டர் போடாமல் முடியாது. டாம்ரான், 24-50, 85 மூன்றுக்கும் ஒரே 67 போதும். சிக்மாவும் ஜி மாஸ்டரும் 82 கேட்கும், அதே தரத்தில் அதன் விலை கூடுதல்தான். அக்னி நட்சத்திர வெயிலில் ஏ.சி. மண்டபத்திலிருந்து வாசலுக்கு வந்தவுடன் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்வதற்கு மட்டும் எந்த விலை லென்ஸிலும் மருந்து இல்லை. கொஞ்ச நேரம் பையை மூடியபடியே வெளியே வைத்திருந்துவிட்டு எடுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆடி மாதம் அதற்குத் தோது. கல்யாணம் இருக்காது; ஆனால் ரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இருக்கும். காவடி ஆட்டத்தைவிடக் கடினமான ஃபோகஸ் சோதனை வேறு எதுவும் இல்லை. செகண்ட் ஹேண்ட் என்றால் சிக்மாவின் 2019-ஆம் ஆண்டு முதல் பதிப்பு கவனிக்கத்தக்கது. கனம் மட்டும்தான் தொல்லை. படத்தில் குறை சொல்ல முடியாது. சோனியின் முதல் ஜி மாஸ்டரை அதன் பெயருக்காக வாங்க வேண்டாம்; அதே காசுக்குப் புதிய சிக்மாவே கிடைக்கக்கூடும்.

எதை வாங்கினாலும் கடையை விட்டு வெளியேறும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏதாவது ஒரு தட்டையான சுவருக்கு நேராக நின்று எஃப் 2.8-ல், ஜூமின் இரு முனைகளிலும் ஒவ்வொரு படம். கேமராத் திரையில் பெரிதாக்கி இடது மூலையையும் வலது மூலையையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் பஞ்சாகவும் இருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்று பொருள். நிறுத்திய இடத்தை மாற்றி இன்னொருமுறை எடுத்துப் பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். காட்பாடிக்கு வந்து பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சென்னைக்கு ரயில் ஏறுவதைவிட, கடைக்காரர் முகம் சுளிப்பதைப் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வது எளிது. பில்லில் லென்ஸின் சீரியல் எண்ணைக் கையால் எழுதியாவது வாங்கிக்கொள்ளுங்கள்.